சாமைக்காடு கூப்பிடு தூரம்

பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒரு பொய்கூடச் சொல்லாமல் கல்யாணம் ஆனவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். நான் தூக்க மாட்டேன். சமையல் தெரியும், கோபம் வராது என்பதெல்லாம் சில்லறைப் பொய்கள். நான் சொன்னது மலையளவு.

திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்கு டேனியலின் குடும்பம் என்னைப் பார்க்க வந்த அன்று, அவர் தங்கை ஷீபா, "அண்ணி, உங்க ஹாபி என்ன?" என்று கேட்டாள். (நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் அண்ணி!) அந்த ஒரு சொல்லில் நான் உருகிப் போய்விட்டேன். தூங்குவேன், எழுந்து டிவி பார்ப்பேன் என்ற உண்மையை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. அன்று காலை போனில் யாரோ மலையேறும் வீடியோ ஒன்றைப் பார்த்திருந்தேன். வாய் தானாகத் திறந்து "டிரெக்கிங்" என்றது.

"அப்டின்னா?" என்றார் ரூபி அத்தை, என் வருங்கால மாமியார்.

"மலை ஏறுறது அத்தை. காலேஜ்ல ஏற்காடு கேம்ப் போயிருக்கேன். மூணு நாள்."

கேம்ப் போனது நிஜம். மூன்று நாள் என்பதும் நிஜம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கால் சுளுக்கிக்கொண்டு, மற்றவர்கள் மலை ஏறிய மூன்று நாளும் நான் சமையல் கொட்டகையில் வெங்காயம் உரித்தேன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

சாலமன் மாமா, வருங்கால மாமனார், காதுக்குப் பின்னால் கையைக் குவித்து "இன்னா?" என்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் தகடு அடித்தவர். அந்த மெஷின்கள் அவர் காதில் பாதியை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தொண்டையை இரண்டு மடங்காக்கிக் கொடுத்திருந்தன. என் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்து கத்தினார்: "பொண்ணு மலை ஏறுவாளாம்!"

"மலையா!" என்றார் மாமா. அது ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். அன்று மாலைக்குள் எங்கள் தெரு முழுக்க நான் மலை ஏறுகிறவள் ஆகிவிட்டேன்.

கல்யாணமாகி அம்பத்தூர் மேனாம்பேட்டுக்கு வந்த பிறகுதான் மாமாவின் குரலை முழுதாக அனுபவித்தேன். அவர் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் பதில் வரும். சர்ச்சில் பாடற்குழுவில் சேர அவருக்குக் கொள்ளை ஆசை. இரண்டே வாரத்தில் போதகர் ஐயர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க மனசுக்குள்ள பாடுங்க, ஆண்டவருக்குக் கேக்கும்" என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் அத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல் "மெல்ல". நான் வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போது மொட்டை மாடியிலிருந்து "எஸ்தரூ! பால் வாங்கினு வாம்மா!" என்று மாமா கூப்பிடுவார். தெருவே திரும்பிப் பார்க்கும். நான் வேறு ஏதோ எஸ்தர் போலக் குனிந்துகொண்டு நடப்பேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் ரிட்டயர் ஆன அன்று, "என்ன வேணும் மாமா, சொல்லுங்க" என்று எல்லோரும் கேட்டோம். வாட்ச் கேட்பார், புது போன் கேட்பார் என்று நினைத்தோம்.

"மலை" என்றார்.

வாழ்க்கையில் அவர் ஏறிய அதிகபட்ச உயரம் அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலம். "அதான் நம்ம ஊட்லயே மலையேற்ற பொண்ணு கீதே. இட்டுகினு போவட்டும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரூபி அத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். நானோ ஜவ்வாது மலையில் மூன்று நாள் நடைப்பயணத்துக்குத் திட்டம் போட்டேன். காட்டுக்குள் நுழைகிற வேலையெல்லாம் இல்லை; ஊருக்கு ஊர் ஆட்கள் நடக்கிற பாதை. முதல் நாள் அடிவாரத்திலிருந்து ஆலங்கொல்லை, அங்கே ராத் தங்கல். இரண்டாம் நாள் அங்கிருந்து சாமைக்காடு. மூன்றாம் நாள் இறக்கம். சாமைக்காட்டில் குப்பு அக்கா என்பவர் தன் வீட்டில் ஒரு அறையை விருந்தாளிகளுக்குக் கொடுப்பார். என்னுடன் வேலை செய்யும் ஒருத்திக்கு அவர்தான் தேன் அனுப்புகிறவர். சிக்னல் கிடைக்கும் ஏதோ ஒரு பாறை மேல் நின்று அவர் போனில் பேசினார்.

"அக்கா, ஆலங்கொல்லைலேர்ந்து உங்க ஊரு எவ்ளோ தூரம்?"

"தே, கூப்புடு தூரந்தாம்மா."

நோட்டில் எழுதிக்கொண்டேன்: இரண்டாம் நாள், கூப்பிடு தூரம், ஓய்வு நாள். மேனாம்பேட்டில் கூப்பிடு தூரம் என்றால் எதிர்வீட்டு ஜன்னல். அதுவும் ரயில் போகாத நேரத்தில்.

முதல் நாள் நான் தலையில் தொப்பி, கழுத்தில் விசிலுடன் முன்னால் நடந்தேன்; பின்னால் டேனியல், ஷீபா, மாமா, அத்தை. (விசில் எதற்கு என்று கேட்காதீர்கள், வீடியோவில் இருந்தவர் போட்டிருந்தார்.) "பாதத்த முழுசா வைக்கணும். மூச்ச மூக்கால இழுக்கணும்" என்று உபதேசம் வேறு. அந்தப் பக்கம் தலையில் புல்லுக்கட்டுடன் வந்த ஒரு அம்மா எங்களைக் கடந்து மேலே போய், கட்டை இறக்கிவிட்டு, எங்களைக் கடந்து கீழேயும் போனார். நாங்கள் அதே வளைவில்தான் இருந்தோம்.

மாமா தூரத்தை ஸ்டேஷன் கணக்கில்தான் கேட்பார். "எஸ்தரு, இன்னும் எத்தினி ஸ்டேஷனு?"

"கொரட்டூர் தாண்டிட்டோம் மாமா! பட்டரவாக்கம், அம்பத்தூர், அவ்ளோதான்!"

சொன்னபடியே ஆலங்கொல்லை வந்துவிட்டது. அதுதான் வினை. என் பொய்யை நானே நம்ப ஆரம்பித்தேன். அங்கே எங்களைத் தங்கவைத்த சின்னசாமி அண்ணன் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டுவிட்டு, "நாளைக்கு வெள்ளனவே கெளம்பிடுங்க" என்றார்.

"எதுக்குண்ணே? கூப்பிடு தூரம்னுதானே குப்பு அக்கா சொன்னாங்க?"

"ஆமா, கூப்புடு தூரந்தான். அதுக்குத்தான் வெள்ளனவே கெளம்புங்கன்றேன்."

மலைக்காரர்களுக்கு எதிலும் அவசரம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை ஓடையில் குளித்தோம். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டோம். மிச்சமிருந்த பிரட்டையும் பிஸ்கட்டையும் "சுமை குறையணும்" என்று ஆலங்கொல்லைப் பிள்ளைகளுக்கு நானே பங்கு வைத்துக் கொடுத்தேன். "இன்னிக்கு ஒரே ஸ்டேஷன்தான் மாமா!" என்று சொல்லிக் கிளம்பும்போது மணி இரண்டரை. ஐந்து பேருக்கு ஒரு பாட்டில் தண்ணீர்.

ஊருக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறினோம். மேட்டின் உச்சிக்கு வந்ததும் தரை முடிந்துபோனது.

அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் காலடியிலிருந்து ஒரு பள்ளத்தாக்கு இறங்கிக்கொண்டே போனது. பச்சைக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே நீலம். மேகத்தின் நிழல் ஒன்று எதிர்மலையின் மேல் மெதுவாக நடந்து போனது. ஒரு பருந்து பறந்தது, அதன் முதுகை நாங்கள் மேலேயிருந்து பார்த்தோம். எங்கள் வீட்டில் ரயில், லாரி, கிரைண்டர், பக்கத்து வீட்டு டிவி என்று ஏதாவது ஒரு சத்தம் எப்போதும் இருக்கும். அது இல்லாத இடமே உலகத்தில் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே எதுவுமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர்மலையின் தோளில், கடுகு தெளித்தாற்போல் நாலைந்து கூரைகள். ஒரு நூல் புகை.

மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எம்மா, இதெல்லாம் எப்போலேர்ந்து இங்க கீது?" என்றார்.

மெல்ல. அவ்வளவு மெல்ல. மாமா தணிந்த குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான். அத்தை திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

டேனியல்தான் முதலில் தரைக்கு வந்தார். "எஸ்தர், எது சாமைக்காடு?"

கடுகைக் காட்டினேன்.

"அதுவா கூப்பிடு தூரம்?"

மாமாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "இன்னாம்மா, ஒரு ஸ்டேஷன்னு சொன்னே? இது அரக்கோணம்மா!"

அப்போதாவது திரும்பியிருக்கலாம். ஆனால் கழுத்தில் விசில் தொங்குகிறவள் எப்படித் திரும்புவாள்? "இறக்கம்தானே, சீக்கிரம் போயிடலாம்" என்றேன். இறங்குவது சுலபம் என்று வெங்காயம் உரித்தவளுக்கு யார் சொன்னார்கள்? அத்தையின் முழங்கால் பத்தாவது நிமிஷமே எதிர்ப்புத் தெரிவித்தது. டேனியல் ஒரு பக்கம், ஷீபா ஒரு பக்கம் அவரைப் பிடித்துக்கொள்ள, அடியில் ஓடும் ஓடையை அடைய ஒன்றரை மணி நேரமானது. தண்ணீர் பாட்டில் பாதி வழியிலேயே காலி.

ஓடைக்கு அந்தப் பக்கம் பாதை மூன்றாகப் பிரிந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. வெளிச்சம் எதிர்மலையில் அடியிலிருந்து மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது, எங்களை விட்டுவிட்டுப் போவதுபோல. அந்த நிலையிலும் அது அழகாக இருந்தது. அதுதான் இன்னும் பயத்தைக் கொடுத்தது. இவ்வளவு பெரிய ஒன்றுக்கு, அம்பத்தூரிலிருந்து ஐந்து பேர் வந்து வழி தெரியாமல் நிற்பது ஒரு பொருட்டே இல்லை.

நடுப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன். கால் மணி நேரம் கழித்து அது ஒரு முள்புதரில் போய் முடிந்தது. திரும்பி வந்தோம்.

ஷீபா என் கையைப் பிடித்தாள். "அண்ணி, உங்களுக்கு வழி தெரியும்ல?"

அன்று "உங்க ஹாபி என்ன" என்று கேட்ட அதே முகம். அதே நம்பிக்கை. இருட்ட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அத்தை பாறையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இனிமேலும் நடித்தால் இந்த நாலு பேருக்கும் ஏதாவது ஆகிவிடும். டேனியலை ஓரமாக இழுத்து, காதோடு சொன்னேன்.

"இன்னா சொல்லுது?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்லப்பா" என்றார் டேனியல்.

"எனுக்கும் சொல்லுங்க! எஸ்தரு, சத்தமா சொல்லும்மா!"

இப்படித்தான், ஊரில் யாரும் மாமனாரிடம் மெல்லச் சொல்லவே தயங்கும் ஒரு விஷயத்தை, நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியதாயிற்று.

"நான் மலையே ஏறினதில்ல மாமா!"

எதிர்மலை அதைக் கேட்டுக்கொண்டது. ஒரு நொடி யோசித்தது. பிறகு எனக்கே திருப்பிச் சொன்னது: "ஏறினதில்ல மாமா..." வலப்பக்கத்துப் பாறை, "இல்ல மாமா..." என்றது. பள்ளத்தாக்கின் கோடியிலிருந்து இன்னொன்று, கொஞ்சம் அனுதாபத்தோடு, "மாமா..." என்றது.

எல்லோரும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்தார்கள். ரூபி அத்தைதான் வாயைத் திறந்தார். "தெரியும்மா."

"என்னத்தை?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே தெரியும். உங்கம்மா கேம்ப் ஆல்பத்த காட்னாங்க. எல்லாரும் ஷூ போட்டுக்கினு நிக்கிறாங்க, நீ மட்டும் கால்ல கட்டு, கைல கரண்டி." முழங்காலைத் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தார். "நீயே ஒருநாள் சொல்லுவேன்னு பாத்தேன். இப்டி மூணு தபா சொல்லுவேன்னு நினைக்கல."

ஷீபா அழுதுகொண்டே சிரித்தாள். நான் சொன்னது மாமாவுக்குக் கேட்டுவிட்டது; மலை சொன்னதுதான் கேட்கவில்லை. "இன்னாத்துக்கு எல்லாம் அந்தாண்ட பாத்தீங்க?"

ஷீபா அவர் காதருகே போய்க் கத்தினாள். "அண்ணி கத்துனத மலை திருப்பிச் சொல்லுச்சுப்பா! ரொம்ப தூரம் போவுது!"

மாமா எதிர்மலையைப் பார்த்தார். தொலைவில் அந்தப் புகையைப் பார்த்தார். பிறகு, அனுமதி கேட்பதுபோல, அத்தையைப் பார்த்தார்.

அத்தை எழுந்து நின்றார். "கத்துங்க" என்றார். சைகையும் காட்டினார். "எவ்ளோ முடியுமோ அவ்ளோ கத்துங்க!"

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அத்தை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையாம்.

மாமா காலை அகட்டி வைத்தார். மூச்சை இழுத்தார். (மூக்கால்தான், என் உபதேசம் அது ஒன்றுக்குத்தான் பயன்பட்டது.)

"குப்பூ...!"

மரங்களிலிருந்து பறவைகள் கூட்டமாகக் கிளம்பின. என் காலடிப் பாறை அதிர்ந்ததைச் சத்தியமாக உணர்ந்தேன். பிரஸ் ஷாப்பின் முப்பது வருஷச் சத்தமும், சர்ச்சில் மனசுக்குள்ளேயே பாடிய அத்தனை பாட்டும் சேர்ந்து போனதுபோல அந்தக் குரல் பள்ளத்தாக்கைக் கடந்து போனது. எதிர்மலை அதை எடுத்துக்கொடுத்தது, பக்கத்து மலை வாங்கிக்கொண்டது, சுற்றிச் சுற்றி நான்கு முறை வந்தது.

மாமா அசையாமல் நின்றார். "யாரோ என்ன மாரியே கூப்புட்றான்" என்றார்.

"நீங்கதான் மாமா!"

"எனுக்கே கேக்குதே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

அப்போது மேலேயிருந்து, மெல்லியதாக, ஆனால் தெளிவாக ஒரு குரல் வந்தது. "ஓ...ய்!"

கூரைகளுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் துணி ஆடியது. மாமாவுக்குக் குரல் கேட்கவில்லை. துணி தெரிந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

அதற்குப் பிறகு வாய் மாமாவுடையது, காது எங்களுடையது. அவர் "எந்தாண்ட?" என்று முழங்குவார். மேலேயிருந்து "சோத்தாங்கை! சோத்தாங்கை!" என்று பதில் வரும். வலது பாதையில் ஏறினோம். ஒவ்வொரு பிரிவிலும் நின்று கேட்டோம், ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. பாதி வழியில் குப்பு அக்காவின் வீட்டுக்காரரே தண்ணீர்க் குடத்துடன் இறங்கி வந்துவிட்டார். பின்னால் வந்த இரண்டு பெண்கள் அத்தையைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். கடைசி வெளிச்சம் கூரைகளை விட்டுப் போவதற்கும் நாங்கள் சாமைக்காட்டில் கால் வைப்பதற்கும் சரியாக இருந்தது.

குப்பு அக்கா மஞ்சள் துணியோடு இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"ஏம்மா, கூப்புடு தூரம்னு சொன்னேன் இல்ல?"

"ஆமாக்கா..."

"அப்புறம் ஏன் கூப்புடல?"

நான் விழித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். அந்த மேட்டு உச்சிக்கு வந்ததும் ஒரு குரல் கொடுக்க வேண்டும். இங்கிருந்து ஆள் ஓடைக்கு இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். அதற்குத்தான் அது கூப்பிடு தூரம். "காலைலேர்ந்து காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். கூப்புடு தூரத்த யாராச்சும் கூப்புடாம நடப்பாங்களா?"

நான் மாமா கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, எழுந்து பார்த்தால் மாமாவைக் காணோம். ஊர்க் கோடிப் பாறையில் நின்றுகொண்டிருந்தார். ஆலங்கொல்லைப் பக்கம் பார்த்து, "சின்னசாமீ! வந்து சேந்துட்டோம்!" என்று முழங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து மேட்டில் ஒரு துண்டு ஆடியது. அவ்வளவுதான், சாமைக்காடே வரிசையில் வந்து நின்றது. "காணாப்போன மாடு இங்கதான் இருக்குன்னு சொல்லுங்கய்யா." "என் தங்கச்சிக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு சொல்லுங்க." மாமா ஒவ்வொன்றையும் நிதானமாக, திருத்தமாக, மலைக்குக் கொடுத்தார். மலை அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. யாரும் மெல்ல என்று சொல்லவில்லை. அத்தை பக்கத்துப் பாறையில் காலை நீட்டி உட்கார்ந்து, சர்ச்சில் உட்காருவதுபோல முக்காடு போட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தார்.

குப்பு அக்காவின் வீட்டுக்காரர் முன்னால் நடக்க நாங்கள் இறங்கினோம். நான் வரிசையில் கடைசி. விசிலை ஷீபாவிடம் கொடுத்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்களாகிவிட்டன. இன்றுவரை வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னால் போதும். "சாம்பார் சூப்பரா வந்திருக்கு" என்பேன். டேனியல் தட்டைப் பார்த்தபடி, "ஏறினதில்ல மாமா" என்பார். ஷீபா, "இல்ல மாமா" என்பாள். அத்தை அடுப்படியிலிருந்து, நிதானமாக, "மாமா" என்று முடித்துவைப்பார். வந்த விருந்தாளிகள் ஒன்றும் புரியாமல் சாப்பிடுவார்கள்.

மாமா இப்போதும் மொட்டை மாடியில் நின்று, நான் தெருமுனை திரும்பியதும், "எஸ்தரூ!" என்று கூப்பிடுகிறார். தெரு இப்போதும் திரும்பிப் பார்க்கிறது. நான் கைப்பையைக் கீழே வைக்கிறேன். துப்பட்டாவை உருவித் தலைக்கு மேல் தூக்கி, அவர் கண்ணுக்குத் தெரியும்வரை ஆட்டுகிறேன்.